அப்பா கிழக்கு, மாமா மேற்கு

மாண்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு, ஜன்னலோரக் கட்டிலிலிருந்து உங்கள் மருமகளைப் பெற்றவன் எழுதிக்கொள்வது.

நான் நலம். நீங்களும் நலம் என்பதை பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் குறட்டையின் வாயிலாக அறிந்து மகிழ்ந்தேன். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படுத்திருக்கும் மனிதருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன ஞாயிறு சாயங்காலத்திலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பேசினாலும் நான் சொல்வதில் பாதிதான் உங்கள் காதுக்குப் போய்ச் சேரும், மீதியை நீங்களாகவே உங்களுக்குத் தோதாக நிரப்பிக்கொள்வீர்கள். தவிர, பத்திரப் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற உங்களுக்கு வாயால் சொல்வது எதுவும் செல்லாது. எழுத்தில் இருந்தால்தான் மனுஷன் உயிரோடு இருப்பதையே ஒப்புக்கொள்வீர்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் என் தம்பி வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. இந்த அறையில் இரண்டு பேரரசுகளுக்கு இடமில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. மகளிடம் காலையில் சொல்லிவிட்டேன். அவள் சமையலறைக்குப் போய் பாத்திரங்களை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக அடுக்கினாள். மாப்பிள்ளை, அதாவது உங்கள் சுபுத்திரன், "யோசிச்சுச் செய்யுங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். யோசித்துத்தான் செய்கிறேன். போவதற்கு முன்னால் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் போனால், நான் தோற்றுப்போய் ஓடினேன் என்று நீங்கள் கட்டடம் முழுக்கச் சொல்லிவிடுவீர்கள்.

எங்கே ஆரம்பித்தது இது? செய்தித்தாளின் ஒரே பக்கத்துக்காக நாம் இருவரும் தினமும் மல்லுக்கட்டுவதைப் பார்த்து வெறுத்துப்போய் என் மகள் ஒரு தடித்த படப் புத்தகம் வாங்கி வந்தாள். முன் பாதி ரோமப் பேரரசு, பின் பாதி சீனத்து ஹான் பேரரசு. "ஆளுக்குப் பாதியா படிங்க, வீடு கொஞ்சம் அமைதியா இருக்கட்டும்" என்றாள். பாருங்கள், அமைதிக்காக வாங்கிய பொருள். நான் முன்னாலிருந்து படித்தேன், நீங்கள் பின்னாலிருந்து படித்தீர்கள். முதல் சில நாள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே அளவில், உலகத்தின் அந்தக் கோடியில் ஒன்றும் இந்தக் கோடியில் ஒன்றுமாக இருந்திருக்கின்றன, ஒன்றை ஒன்று நேரில் பார்த்ததே இல்லை என்று படித்து இருவரும் சேர்ந்து வியந்தோம். அதோடு புத்தகத்தை மூடியிருக்கலாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், ரோமர்கள் போட்ட சாலைகளில் சில இன்றைக்கும் கிடக்கின்றன என்று சொன்னேன். நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக வேலை பார்த்தவன் வேறு எதைச் சொல்வான்? நீங்கள் "ஹான்?" என்றீர்கள். பகல் பத்து மணிக்கு "காப்பி ஆறிடும்" என்றாலும் ஹான், "வாசல்ல ஆள் நிக்குது" என்றாலும் ஹான். அந்தப் பேரரசை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா, அது உங்களைத் தேர்ந்தெடுத்ததா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாலைகள், சாலைகள் என்று நான் உரக்கக் கத்தினேன். அதற்கு நீங்கள் சாப்பாட்டு மேஜையில், மகளையும் மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு, சாவகாசமாகச் சொன்னது:

"பேர்லயே ரோமம்னு வெச்சிருக்காங்க. உதிராம என்ன செய்யும்? அந்தக் கஷ்டம் சம்பந்திக்குத் தெரியாததா?"

மாப்பிள்ளைக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. நான் பெற்ற மகள் என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சம்பந்தி அவர்களே, எனக்கு முடி கொட்டியது வயதாலோ வம்சத்தாலோ அல்ல. நிழலில்லாத சாலையில், கொதிக்கிற தார் டிரம் பக்கத்தில், தலையில் தொப்பிகூட இல்லாமல் நின்று கொட்டியது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முத்திரை குத்தியவர்களுக்குத் தலை நிறைய முடி இருப்பதில் என்ன பெருமை? அன்றிலிருந்துதான் ரோமின் மானம் என் மானம் ஆயிற்று.

அதற்குப் பிறகு நீங்கள் செய்த ஆக்கிரமிப்புகளை எழுதினால் இந்தத் தாள் போதாது. ஹான் அரசர்கள் உப்பையும் இரும்பையும் அரசுடைமை ஆக்கினார்கள் என்று படித்த மறுநாளே, எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்கிற சாக்கில், மேஜையிலிருந்த உப்பு டப்பாவை எடுத்துப் போய் உங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். அதோடு நின்றீர்களா, என் சட்டையைத் தேய்க்கத் தேடினால் அயர்ன் பாக்ஸும் உள்ளே. கேட்டதற்கு, "அதுவும் இரும்புதானே" என்கிறீர்கள். உப்பில்லாத சாப்பாட்டைச் சுருங்கிய சட்டையோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். குளியலறைக் கதவில் யார் எப்போது குளிக்க வேண்டும், எவ்வளவு நேரம், சோப்பை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று ஓர் ஆணை ஒட்டினீர்கள், கீழே கையெழுத்து, தேதி, அலுவலகத்தில் போட்ட அதே கோணல் கோடு. ரோமர்கள் குளியலைக் கலையாக வளர்த்தவர்கள், ஊரே உட்காரும் மண்டபம் கட்டி வெந்நீரில் அரட்டை அடித்தவர்கள். அவர்கள் வழியில் வந்த நான், நீங்கள் வெளியிலிருந்து வாளியைத் தட்டத் தட்டப் பாதிச் சோப்போடு ஓடி வர வேண்டியிருக்கிறது.

சரி, நானும் என் பக்கத்துக்கு ஒரு காரியம் செய்தேன். ஒப்புக்கொள்கிறேன். என் கட்டிலிலிருந்து குளியலறை வரை தரையில் கறுப்பு டேப் ஒட்டி ஒரு சாலை போட்டேன். நேரான சாலை, ஒரு வளைவு கிடையாது, ரோமர்கள் பார்த்திருந்தால் தோளில் தட்டிக் கொடுத்திருப்பார்கள். அதன் நடுவில் உங்கள் சாய்வு நாற்காலி இருந்தது. ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னேன். நீங்கள் நாற்காலியை அகற்றவில்லை, மாப்பிள்ளையைத் துணைக்குக் கூப்பிட்டு இரும்பு பீரோவையே இழுத்து அறைக்கு நடுவில் நிறுத்திவிட்டீர்கள். "பெருஞ்சுவர்" என்று பேரும் வைத்தீர்கள். இழுத்ததில் தரையின் டைல் இரண்டாகப் பிளந்தது, கீழ் வீட்டு டெய்லர் அம்மா மேலே ஓடி வந்து பூகம்பமா என்று கேட்டார்கள், என் சாலை பீரோவுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. இப்போது நான் குளியலறைக்குப் போக வேண்டுமானால் பக்கவாட்டில் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எதற்காக? நம் இரண்டு வீட்டுக்காரிகளும் போய்ச் சேர்ந்த பிறகு, இந்தப் பிள்ளைகள், இருப்பது ஒரே ஓர் உபரி அறை என்று தெரிந்தும், இரண்டு கிழவர்களையும் விட மனசில்லாமல் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்களே, அதற்காக.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதற்கெல்லாம் சூத்திரதாரி நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர். நமக்குள் இத்தனை நாளில் கருத்து வேற்றுமை இல்லாமல் நடந்த ஒரே காரியம் அவருக்குப் பேர் வைத்ததுதான். ரோமுக்கும் சீனத்துக்கும் நடுவில் பார்த்தியா என்று ஒரு நாடு இருந்து, இரண்டு பக்கமும் நேராகப் பேசிக்கொள்ள விடாமல் பட்டு வியாபாரத்தில் தரகு பார்த்துக்கொண்டிருந்தது என்று படித்தோம். சீனத்துத் தூதர் ஒருவர் ரோமைத் தேடிக்கொண்டு கடற்கரை வரை வந்துவிட்டார், அந்தப் பக்கத்து மாலுமிகள் கடல் ரொம்பப் பெரிது, வீட்டு நினைப்பிலேயே ஆள் போய்விடுவார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் செயலாளரோ சின்னவர் பெரியவர் பார்க்காமல் எல்லாப் பேச்சையும் "பாத்தியா சார்" என்று ஆரம்பிப்பவர். அதனால் பார்த்தியர். பேர் வைத்த நேரமோ என்னவோ, அந்தத் தொழிலையும் ஆரம்பித்துவிட்டார். படிக்கட்டில் என்னை நிறுத்தி, "பாத்தியா சார், உங்க சம்பந்தி ரோமெல்லாம் வெறும் கல்லும் சுண்ணாம்பும்தான்னு சொல்றாரு" என்பார். மாடியில் உங்களிடம் வந்து நான் என்ன சொன்னதாகச் சொன்னாரோ தெரியாது, நீங்கள் அன்று உப்பு டப்பாவோடு மிளகுத் தூளையும் சேர்த்துப் பூட்டினீர்கள். கடைசியில், "எதுக்கு சார் வீட்டுக்குள்ள சண்டை? ஹால்ல வெச்சு மைக் போட்டுப் பேசிடுங்க" என்று அவரே ஒரு விவாதம் ஏற்பாடு செய்தார். கிழக்கா, மேற்கா, பண்டைய பேரரசுகளில் சிறந்தது எது.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. ஒரு வாரம் தயார் செய்தேன். ரோமர்கள் எரிமலைச் சாம்பலைக் கலந்து காரை பூசிய விதத்தை எழுதினேன். மைல் கல், வளைவு, தண்ணீரை மலையிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்த கால்வாய்ப் பாலம், ஒன்று விடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். ஆயுளில் ஒரு முறையாவது சாலையைப் பற்றி நான் பேச, என் மகள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை. அதில் என்ன தப்பு?

இப்போது நடந்த கூத்தைக் கேளுங்கள், உங்களுக்கு இது முழுதாகத் தெரிந்திருக்காது. நோட்டீஸ் அடிப்பதற்காகப் பார்த்தியர் என் மகளின் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார், உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யார் கிழக்கு, யார் மேற்கு என்று. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவளது போனை எடுத்துப் பார்த்து, பொறுப்பாக, "அப்பா கிழக்கு, மாமா மேற்கு" என்று பதில் அனுப்பிவிட்டார். அவர் வாயிலிருந்து வந்தால் அது நூற்றுக்கு நூறு சரி. அவருக்கு அப்பா நீங்கள், மாமா நான். ஆனால் போன் என் மகளுடையது. அவளுக்கு அப்பா நான், மாமா நீங்கள். பார்த்தியர் என்ன செய்வார், யார் போனிலிருந்து வந்ததோ அவர்கள் முறையை வைத்து அச்சடித்துவிட்டார். ஒரு வார்த்தை தப்பில்லை, ஓர் எழுத்துப் பிழை இல்லை, முறை மட்டும் மாறியதில் ரோமப் பேரரசு உங்கள் கைக்குப் போய்விட்டது. நான் மேடை ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் நாற்காலியின் முதுகில் "கிழக்கு" என்று ஒட்டியிருந்ததை மேடைக்குப் பின்னால் நின்ற டெய்லர் அம்மா ஜாடை காட்டினார்கள். பார்த்தியரைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பாத்தியா சார், நோட்டீஸ் ஒட்டியாச்சு, ஜனம் உக்காந்தாச்சு. எந்தப் பக்கம் பேசினாலும் பேச்சுதானே சார்" என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்களாவது எழுந்து இது தப்பு என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தீர்கள், மேற்கு என்று இருந்தது, ஒரு தலையாட்டல், ஒரு கனைப்பு, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

முதலில் நான் பேசினேன். என் பேச்சைப் பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை. கூட்டம் சிரித்தது, கை தட்டியது, நீங்களும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு சிரித்துத் தலையாட்டினீர்கள். அந்த மட்டில் அதை விட்டுவிடலாம்.

பிறகு நீங்கள் எழுந்தீர்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எழுதி வைக்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி, ஆள் காலி என்று நினைத்தேன். "மேற்கைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க சம்பந்தி சொன்னதைத்தான் சொல்லப்போறேன்" என்று ஆரம்பித்தீர்கள். அதோடு என் சரக்கு முழுவதையும் எடுத்துக் கடை விரித்தீர்கள். எரிமலைச் சாம்பலைச் சொன்னீர்கள். அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல், நடுவில் மேடு, இரண்டு ஓரமும் தண்ணீர் வடிய வாய்க்கால் என்று நான் சாப்பாட்டு மேஜையில் தீக்குச்சியை அடுக்கிக் காட்டியதை அப்படியே கையால் காற்றில் போட்டுக் காட்டினீர்கள். நான் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அதற்கு மேலும் போனீர்கள்.

"ரோடு போட்டவன் பேரு எந்த ரோட்லயும் இருக்காது. திறந்து வெச்சவர் பேர்தான் கல்லுல இருக்கும். ரோம்ல அப்படித்தான், இங்கயும் அப்படித்தான்" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க சம்பந்தி போட்ட மலை ரோடு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டீர்கள். மழையில் மண் சரிந்து பாதிச் சாலை பள்ளத்தில் போனதையும், ஆட்கள் எல்லாரும் ஒதுங்கிய பிறகும் நான் ஒருத்தன் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு வளைவில் நின்று வருகிற வண்டியையெல்லாம் திருப்பிவிட்டதையும், அதில் ஒரு பஸ் நிறையக் கல்யாண ஜனம் இருந்ததையும் சொன்னீர்கள். அதோடு விட்டிருக்கக் கூடாதா? "அன்னிக்குத்தான் இவர் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல பரிசு. அப்பா வரலைன்னு அது அழுதுச்சாம். இவர் போகாததுக்குக் காரணம் இதுதான்னு யாருக்கும் சொன்னதில்ல" என்று அதையும் சொல்லிவிட்டீர்கள்.

சம்பந்தி அவர்களே, மின்சாரம் போன ஒரு சாயங்காலம் பேச வேறு எதுவும் இல்லாமல் அதை உங்களிடம் சொன்னேன். மைக்கில் சொல்வதற்காகச் சொன்னேனா? என் மகள் முன் வரிசையில் உட்கார்ந்து அழுதாள். முப்பத்தைந்து வயதுப் பெண், ஆபீசில் அத்தனை பேரை வேலை வாங்குகிறவள், சின்னப் பிள்ளை மாதிரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வரும் வழியில் படிக்கட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா."

"எனக்கு அப்போ எட்டு வயசுப்பா. நான் என்னன்னு கேப்பேன்?"

இதற்குத்தான் கோபம். என் மகளுக்கு என் வேலை என்ன என்பது உங்கள் வாயால் தெரிய வேண்டுமா? நான் மேடை ஏறியது அதற்காக. அதை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். உப்பை எடுத்தீர்கள், அயர்ன் பாக்ஸை எடுத்தீர்கள், கடைசியில் இதையும் எடுத்துக்கொண்டீர்கள்.

தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர் இரண்டாம் மாடிப் பல் டாக்டர் அம்மா. வாயைத் திற என்பதைத் தவிர மனிதர்களிடம் வேறு பேசிப் பழக்கமில்லாதவர். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மேற்குதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ரோம் ஜெயித்தது, நான் தோற்றேன். உலக சரித்திரத்தில் தன் நாடு வெற்றி பெற்றதற்காகத் தலை குனிந்து மேடையை விட்டு இறங்கிய ஒரே ரோமன் நானாகத்தான் இருப்பேன். ஆறுதலாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நீங்கள் இறங்கி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா பேசினீங்க சம்பந்தி. நம்ம ஹானை நீங்க விட்டுக்கொடுக்கவே இல்ல" என்றீர்கள். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. கையை உருவிக்கொண்டு நடந்தேன். அன்றிலிருந்துதான் நமக்குள் பேச்சு இல்லை.

கேடயத்தையாவது உங்கள் பக்கம் வைத்துக்கொண்டீர்களா? "வெற்றி பெற்ற பேரரசு: ரோம்" என்று பொன் எழுத்தில் இருப்பதை பீரோவின் மேல் ஏற்றி, எழுத்து என் கட்டிலைப் பார்க்கிற மாதிரி வைத்தீர்கள். கண் விழித்தால் என் தோல்விதான் முதலில் தெரிய வேண்டும் என்று. நான் அதை உங்கள் பக்கம் திருப்பினேன். காப்பி குடித்துவிட்டு வந்தால் என் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுபடி திருப்பினேன். மறுபடி என் பக்கம். நான்கு நாளாக அந்தக் கேடயம் திரும்பித் திரும்பி அதன் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. இப்படி ஒரு மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

ஆகவே இறுதியாகவும் உறுதியாகவும் தெரிவிப்பது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை காலை நான் புறப்படுகிறேன். ஜன்னலோரக் கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பெருஞ்சுவரைச் சுவரோரமாகத் தள்ளிவிடுங்கள், பிள்ளைகளுக்குக் காற்று வரட்டும். படப் புத்தகத்தின் முன் பாதியையும் நீங்களே படியுங்கள், எப்படியும் அது உங்களுக்கு மனப்பாடம். பார்த்தியரிடம் நோட்டீஸைத் திருத்தி, ரோம் என் பெயரில்தான் இருந்தது என்று மறுபடி அடித்து லிஃப்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அது ஒன்றுதான் நான் விட்டுச் செல்கிற கோரிக்கை. என் பெட்டி கட்டியாகிவிட்டது.

தங்கள் திருமகனுக்கும் என் மகளுக்கும் என் ஆசிகளைத் தெரிவிக்கவும். வீட்டில் உள்ள பெரியவர்களை விசாரித்ததாகச் சொல்லவும், அந்தப் பெரியவர்களில் நானும் ஒருவன் என்பதால் என்னையும் சேர்த்து விசாரித்துக்கொள்ளவும். தேக நலத்தைக் கவனித்துக்கொண்டு, மதிய மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு, நீடூழி வாழ வேண்டுமென்று விரும்பும்,

மேற்குப் பேரரசை இழந்த,
உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டு, பீரோ மேல் வைப்பதற்காக எழுந்தபோது மாப்பிள்ளை ஆபீசிலிருந்து வந்துவிட்டார். கட்டி வைத்த பெட்டியைப் பார்த்தார். நீங்கள் தூங்குகிறீர்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாக, "மாமா, அன்னிக்கு நீங்க பேசினது அப்பாவுக்கு ஒண்ணுமே கேக்கல. காது மெஷினை டிராயர்லயே விட்டுட்டு வந்துட்டாரு. நான் சொல்லவும் மாட்டேன். அதுக்காக நீங்க போக வேண்டாம்" என்றார். கை கால் கழுவப் போய்விட்டார்.

உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். நான் என்ன பேசினேன் என்று மாப்பிள்ளை சொல்ல மாட்டார், ஆகவே நான் சொல்கிறேன். நாற்காலி மாறிப்போன ஆத்திரத்தில், ஹான் பக்கம் பேசுகிற பாவனையில் அதைக் குழி தோண்டிப் புதைத்தேன். முத்திரை குத்துகிறவன் ஆண்ட தேசம், கையெழுத்துக் கோணலாக இருந்தால் கோட்டையைத் திறக்காத தேசம், கடைசியில் காகிதத்தைக் கண்டுபிடித்ததும் உட்கார்ந்து எழுதியே காலத்தைக் கழித்த தேசம் என்றேன். உங்களை மாதிரியே கனைத்துக் காட்டினேன், உங்களை மாதிரியே கையெழுத்துப் போட்டுக் காட்டினேன். அதற்குத்தான் கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை, என் மகளும் சிரிக்கவில்லை. நீங்கள் கையைக் காதில் வைத்துக்கொண்டு, நான் உங்கள் பக்கத்துக்காக உயிரைக் கொடுத்துப் பேசுகிறேன் என்று நம்பித் தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள். பிறகு எழுந்து எனக்காகப் பேசினீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபமே இல்லை சம்பந்தி. உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அதற்குக் கோபம் என்று பேர் வைத்துக்கொண்டு நான்கு நாளாகக் கேடயத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. இப்போதுதான் கீழே போய்ப் பார்த்தியரைப் பார்த்துவிட்டு வந்தேன். நோட்டீஸைத் திருத்த வேண்டாம், அடுத்த மாதம் மறுபடி ஹாலைக் கொடுங்கள், நாற்காலியில் ஒட்டியதை அப்படியே விடுங்கள், நான் கிழக்குதான் என்று சொல்லிவிட்டேன். அன்று தயவுசெய்து காதில் மெஷினை மாட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்காருங்கள்.

அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த மின்சாரம் போன சாயங்காலம், நான் என் மலைச் சாலைக் கதையை முடித்ததும் நீங்கள் உங்கள் அலுவலகத்தில் ஆவண அறைக்குள் வெள்ளம் புகுந்த நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தீர்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றதாக ஏதோ சொன்னீர்கள். நான் தூங்கிவிட்ட மாதிரி படுத்திருந்தேன், நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். காது கேட்காத நீங்கள் நான் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். எழுந்ததும் இந்தப் பக்கம் வாருங்கள், விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள்.